வாரம் ஒரு படம், ஊருக்கு ஒரு திரை

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் வேலையில் சேர சைக்கிள் வேண்டும். சைக்கிளோ அடகில் இருக்கிறது. வீட்டில் விலைபோகக்கூடியது என்று மிச்சம் இருப்பது படுக்கை விரிப்புகள் மட்டும்தான். மரியா அவற்றைக் கட்டிலிலிருந்து உருவி மூட்டையாகக் கட்டுகிறாள். கணவனும் மனைவியும் அடகுக்கடை ஜன்னலில் மூட்டையை வைக்கிறார்கள். பேரம் நடக்கிறது, பணம் கைக்கு வருகிறது. வேறு யாராக இருந்தாலும் காட்சியை அங்கேயே முடித்திருப்பார்கள். விட்டோரியோ டி சிகா முடிக்கவில்லை. கடை ஊழியர் ஒருவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார். சுவர் முழுக்கத் தட்டுகள். அவர் ஏறுகிறார், இன்னும் ஏறுகிறார். உச்சிவரை மூட்டைகள். எல்லாம் யார் யாரோ வீட்டுப் படுக்கை விரிப்புகள்.

1948-ல் வந்த ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ என்ற இத்தாலியப் படம் இது. கொங்கு நாட்டின் சிறு நகரம் ஒன்றில், கிளை நூலகத்தின் மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதைத் திரையிட்டோம். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் குழந்தைகளுக்கு இரண்டு பவானி ஜமுக்காளம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வழக்கம்போல ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர், ஐம்பது வயது இருக்கும், அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தார்.

“ஏனுங்க, அந்த மேல அடுக்கி வெச்சிருந்த மூட்டையெல்லாம் யாரோடதுங்க? அவங்கெல்லாம் திருப்பவே வரலீங்களா?”

அதற்குப் பிறகு அறை முக்கால் மணி நேரம் பேசியது. வட்டியை மட்டும் கட்டி மாற்றி மாற்றி வைத்த நகைகளைப் பற்றி, ஏலத்துக்குப் போன தாலிக்கொடியைப் பற்றி, பாஸ்புத்தகத்தைப் புருஷனுக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் வைத்திருந்ததைப் பற்றி. ரோம் நகரத்துச் சைக்கிள் எங்கள் ஊர் வீதிக்குள் வந்து நின்றது.

அந்தப் படத்தை நான் அதற்கு முன் நான்கு தடவை பார்த்திருந்தேன், பெரும்பாலும் வீட்டில் தனியாக. காமிரா மேலே போவதைக் கவனித்திருக்கிறேன், அதை மெச்சி எழுதியும் இருக்கிறேன். அந்த மூட்டைகளுக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. பழைய படங்களை ஊர் கூடிப் பார்க்க வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், இதற்காகத்தான்.

சந்தை கூடுகிற மாதிரி

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சந்தை நாள் உண்டு. வியாழக்கிழமைச் சந்தை என்றால் வியாழக்கிழமைச் சந்தை. அதற்கு யாரும் தண்டோரா போடுவதில்லை, நோட்டீஸ் அடிப்பதில்லை. மழை வந்தாலும் நாலு கடையாவது போட்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஜனம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும். வாராந்தரத் திரையிடலுக்கு உயிர் கொடுப்பது அந்த நம்பிக்கைதான். அதே நாள், அதே நேரம், அதே இடம்.

திரைப்பட விழாக்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. விழாவில் ஒரு நாளைக்கு ஐந்து படம் பார்த்தவன்தான் நானும். நான்காம் நாள் எந்தப் படத்தில் எந்தக் கிழவர் செத்தார் என்றே குழம்பிவிடும். விழா என்பது தேர்த் திருவிழா மாதிரி, கூட்டமும் கொண்டாட்டமுமாக வந்து போகும். வாரத்துக்கு ஒரு படம் என்றால் அந்தப் படம் ஆறு நாள் நம்மோடு இருக்கிறது. டீக்கடையில் பேச்சாகிறது. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போகும்போது திடீரென்று ஒரு முகம் ஞாபகம் வருகிறது. அடுத்த ஞாயிறு வரும்போது நாம் கொஞ்சம் வேறு ஆளாக வந்து உட்காருகிறோம்.

கோவையில் கோணங்கள் ஃபிலிம் சொசைட்டி இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பெர்க்ஸ் பள்ளியின் சிறு அரங்கில் உலகப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தது. அதே கோவையில்தான் நூறு வருஷத்துக்கு முன்பு சாமிக்கண்ணு வின்சென்ட் இருந்தார். திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த மனிதர், 1905-ல் டூபாண்ட் என்கிற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கி, உத்தியோகத்தை உதறி, கூடாரம் கட்டி ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். மணலைக் குவித்து உட்கார்ந்து, தரை டிக்கெட்டில் படம் பார்த்த ஜனம் நாம். திரைக்கு முன்னால் ஊர் கூடுவதை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஒரு மாலையும் ஒரு படமும்

பார்வையாளர்கள் சங்கமாகக் கூடி நல்ல படங்களைத் தேடிப் பார்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் 1920-களில் வேர்விட்டது. லண்டன் ஃபிலிம் சொசைட்டியின் முதல் காட்சி 1925 அக்டோபர் 25-ல் நடந்தது. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பெர்னார்ட் ஷாவும் எச்.ஜி.வெல்ஸும் அதன் தொடக்க உறுப்பினர்கள்.

நம் நாட்டில் சுதந்திரம் வந்த இரண்டாவது மாதமே, 1947 அக்டோபரில், கல்கத்தா ஃபிலிம் சொசைட்டி தொடங்கியது. சத்யஜித் ரேயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் சேர்ந்து முதலில் காட்டிய படம் ஐசன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் பொடெம்கின்’. ரே அப்போது விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஓவியர். 1950-ல் கம்பெனி வேலையாக லண்டனுக்குப் போன இடத்தில் சில மாதங்களுக்குள் நூறு படங்கள்வரை பார்த்தார். அவற்றில் ஒன்று ‘பைசிக்கிள் தீவ்ஸ்’. நட்சத்திரம் வேண்டாம், செட் வேண்டாம், வெட்டவெளியில் வெளிச்சத்தை நம்பிப் படமெடுக்கலாம் என்கிற துணிச்சல் அவருக்கு அங்கேதான் வந்தது. 1955-ல் ‘பதேர் பாஞ்சாலி’ வெளியானது.

இது எல்லோரும் சொல்கிற கதை. தமிழில் அதற்கு இணையான ஒரு கதை இருக்கிறது, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. வீணை எஸ்.பாலசந்தர் ஒரு திரைப்பட விழாவில் குரோசவாவின் ‘ரஷோமோன்’ பார்த்தார். ஒரே சம்பவத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லும் அந்த உத்தி அவரை விடவில்லை. அதே பாணியில் ஒரு நாடகம் எழுதினார். வானொலி அதை ஏற்கவில்லை. அந்தக் கரு ஏவி.எம்.மிடம் போய், ஜாவர் சீதாராமன் எழுத, 1954-ல் ‘அந்த நாள்’ ஆனது. பாட்டில்லாமல், நடனமில்லாமல் வந்த தமிழ்ப் படம். பாட்டே பிரதானமாக இருந்த காலத்தில் இது எப்பேர்ப்பட்ட துணிச்சல் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மனிதர் ஒரு மாலை ஒரு நல்ல படம் பார்த்ததற்குக் கிடைத்த பலன் அது.

எங்கள் ஊரில் ஒரு வாரம் ‘ரஷோமோன்’, அடுத்த வாரம் ‘அந்த நாள்’ என்று அடுத்தடுத்துக் காட்டினோம். ‘அந்த நாள்’ ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபரில் நடக்கும் கதை. வானொலி இன்ஜினீயர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறார். ராஜனாக வரும் சிவாஜி கணேசன் படத்தின் தொடக்கத்திலேயே பிணம். கொன்றது யார் என்று ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி சொன்னாள்: “ரஷோமோன்ல கடைசி வரைக்கும் உண்மை என்னான்னு தெரியல. நம்ம படத்துல சிஐடி கண்டுபிடிச்சிடறார். ஏன், நமக்குத் தெரியாமலே இருந்தா ஒத்துக்க மாட்டோமா?” அன்றைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அவள் பக்கம். மீதிப்பேர், நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்று தெரிந்தே ஆக வேண்டும், அது 1943-ன் கதை என்று மல்லுக்கு நின்றார்கள். திரைப்படக் கல்லூரி வகுப்பில் இதைவிடப் பெரிய பாடம் நடந்துவிடாது என்பது என் அபிப்பிராயம்.

1959 டிசம்பரில், நாட்டில் அதற்குள் தோன்றியிருந்த சங்கங்கள் சேர்ந்து ஃபிலிம் சொசைட்டிகளின் ஃபெடரேஷனை அமைத்தன. ரே தலைவர். இந்திரா காந்தியும் அதன் துணைத் தலைவராக இருந்தவர். இன்னொருவர் அம்மு சுவாமிநாதன், நேதாஜி படையின் கேப்டன் லட்சுமியுடைய அம்மா. சென்னை ஃபிலிம் சொசைட்டி 1957-லேயே தொடங்கிவிட்டது. ஆக, தமிழ்நாடு இதில் பிந்தி வந்த ஊர் கிடையாது.

பாக்குத் தோப்புக்குள் குரோசவா

இதெல்லாம் படித்தவர்களுக்கு, பட்டணத்துக்காரர்களுக்கு என்று சொல்கிறவர்களை நான் ஹெக்கோடுக்குத்தான் கூட்டிப்போவேன். கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம், சாகர் தாலுகா. பாக்கு விளையும் மலைநாட்டுக் கிராமம். அங்கே 1949-ல் தொடங்கியது நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கம், சுருக்கமாக நீநாசம். அதைக் கட்டி எழுப்பிய கே.வி.சுப்பண்ணா தானும் ஒரு பாக்கு விவசாயி. எழுத்தாளர், பதிப்பாளர், நாடகக்காரர். 1973-ல் நாடகத்தோடு சேர்த்து ஒரு ஃபிலிம் சொசைட்டியையும் ஆரம்பித்தார். ‘பதேர் பாஞ்சாலி’, ‘ரஷோமோன்’, ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ எல்லாம் அந்தக் கிராமத்துத் திரையில் ஓடின. படம் பார்ப்பது எப்படி என்று கற்றுத்தரும் ரசனை முகாம்கள் நடந்தன. புனேயிலிருந்து சதீஷ் பகதூர் போன்ற பேராசிரியர்கள் போய்ப் பாடம் எடுத்தார்கள். 1991-ல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஹெக்கோடுக்குப் படப் பெட்டி எங்கிருந்து வந்தது? புனேயிலிருந்து. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டி உருவாக்கிய பி.கே.நாயர் அனுப்பி வைத்தார். காப்பகம் என்றால் பூட்டி வைக்கும் இடம் என்றுதான் நாம் நினைப்போம். நாயர் தேடித் தேடிச் சேர்த்தார், சேர்த்ததை ஊர் ஊராக அனுப்பவும் செய்தார். நாசிக்கில் பால்கேயின் குடும்பத்தாரிடமிருந்து படச்சுருள்களைப் பெற்று வந்தவர் அவர். இருட்டில் டார்ச்சும் நோட்டுமாக உட்கார்ந்து, எந்த ரீலில் என்ன இருக்கிறது என்று குறித்து வைத்தவர். 1991-ல் ஓய்வு பெற்றபோது காப்பகத்தில் சுமார் 12,000 படங்கள் இருந்தன. ‘செல்லுலாய்ட் மேன்’ என்ற 2012 ஆவணப்படத்தில் ஹெக்கோடுவின் கிராமத்து ஜனங்கள் அந்தப் பழைய படங்களை நினைவுகூர்ந்து பேசுகிறார்கள். திரையிடலை ஆரம்பிக்கத் தயங்கும் எவரும் முதலில் அந்தப் பகுதியைப் பார்த்துவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் வந்ததெல்லாம் 16 எம்.எம். பிரிண்ட். புதிதாக வருகிற பையன்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்வது வழக்கம், ஏனென்றால் ஒரு படத்தைக் காட்டுவது கைவேலையாக இருந்த காலம் அது. 1,600 அடி ரீல் ஒன்று 44 நிமிடம் ஓடும். ‘பதேர் பாஞ்சாலி’க்கு மூன்று ரீல் வேண்டும். பிலிமைப் பல்சக்கரத்தில் மாட்டும்போது ‘கேட்’ எனப்படும் படவாசலுக்கு மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம் தளர்வாக விட வேண்டும். வளையம் இறுகிவிட்டால் திரையில் படம் துள்ளும். சொருகி முடித்துவிட்டுக் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பிறகுதான் மோட்டாரைப் போடுவார்கள். ஒரே ஒரு மெஷின் இருக்கிற இடத்தில் ரீல் தீர்ந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்ட வேண்டும். மூன்று நான்கு நிமிடம் ஆகும். அந்த மூன்று நான்கு நிமிடத்தில்தான் பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்ப்போம். ‘பதேர் பாஞ்சாலி’யின் சிறுமி துர்காவுக்குக் காய்ச்சல் கண்ட இடத்தில் ரீல் முடிந்தால், அறையில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே கவலையோடு விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்போம். இப்போது படம் தடையில்லாமல் ஓடுகிறது. ஆனாலும் நீளமான படங்களுக்கு நாங்கள் நடுவில் ஒரு இடைவேளை விடுகிறோம், அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே.

கேரளத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965-ல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். எண்பதுகளில் ஜான் ஆபிரகாமும் தோழர்களும் ஒடேசா என்ற அமைப்பைக் கட்டி, கிராமம் கிராமமாகப் போய் சாப்ளினின் ‘த கிட்’ படத்தைக் காட்டி, பார்க்க வந்தவர்களிடம் கையேந்தி நிதி திரட்டி, 1986-ல் ‘அம்ம அறியான்’ என்ற படத்தை எடுத்து முடித்தார்கள். பார்வையாளர்தான் அந்தப் படத்துக்குத் தயாரிப்பாளர்.

இதே ஜான் ஆபிரகாம்தான் 1977-ல் வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையில் தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்தவர். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. தூர்தர்ஷன் அதை ஒளிபரப்புவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் விலக்கிக்கொண்டது. கொட்டகைகளில் அது ஓடவில்லை. அந்தப் படத்தைப் பார்த்த தமிழர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு சின்ன அறையில், ஏதாவது ஒரு சங்கம் காட்டித்தான் பார்த்திருப்பார்கள்.

ஏன் ஓய்ந்தது?

எண்பதுகளில் வீடு வீடாக டி.வி. வந்தது, வீடியோ கேசட் வந்தது, கூட்டம் கரைந்தது. இது ஒரு காரணம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டுவதால் சென்சார் வெட்டாத வெளிநாட்டுப் படங்களைப் பார்க்கலாம் என்பதற்காகவே பலர் சேர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தை நம்பிச் சந்தா வாங்கிய சங்கங்கள், அந்தக் காட்சிகள் வேறு இடத்தில் கிடைக்க ஆரம்பித்ததும் படுத்துவிட்டன. ஊரோடு சேர்ந்து வளர்ந்தவை மட்டும் நின்றன.

பிறகு சென்னை பர்மா பஜாரில் டிவிடிக் கடைகள் வந்தன. இரண்டாயிரத்துக்குப் பிறகு தமிழில் படமெடுக்க வந்த பையன்களில் எத்தனையோ பேர் உலக சினிமாவை அந்த டிவிடிக் கடைகளில்தான் கண்டார்கள். இன்றைக்கு அதுவும் தேவையில்லை, எல்லாம் செல்போனிலேயே இருக்கிறது. அப்புறம் எதற்கு நூலக மாடி என்று கேட்கிறார்கள். என் கையிலும் செல்போன் இருக்கிறது. ‘டோக்கியோ ஸ்டோரி’யை அதில் மூன்று முறை ஆரம்பித்துப் பத்தாவது நிமிடத்தில் விட்டிருக்கிறேன். நான்காம் முறை முப்பது பேரோடு பார்த்தேன். பிள்ளைகளைப் பார்க்க வந்த கிழவனும் கிழவியும் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருக்கிற காட்சியில் பக்கத்திலிருந்த பாட்டி, “கூட்டிட்டு வந்தாங்க, வெச்சுக்க முடியல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பொறுமையைத் தனியாக இருக்கும்போது என்னால் திரட்ட முடியவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் வருகிறது.

இல்லாமல் போன நம் படங்கள்

வாராவாரம் ஒரு பட்டியல் போட உட்காரும்போதுதான் நம் வீட்டு நிலைமை முகத்தில் அறைகிறது. இத்தாலியப் படம் கிடைக்கிறது, ஜப்பானியப் படம் கிடைக்கிறது, 1920-களின் ரஷ்யப் படம் பளிச்சென்று கிடைக்கிறது. தமிழ்ப் படங்கள் பல கிடைப்பதில்லை.

நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இல்லை. 1931-ன் ‘காளிதாஸ்’ இல்லை. தென்னிந்தியாவில் எடுத்த ஊமைப் படங்களில் மிஞ்சியது 1933-ன் ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதுவும் எப்படி மிஞ்சியது? நாவலின் பதிப்பகத்தார் உரிமை கேட்டு வழக்குப் போட, பிரிண்ட் அவர்கள் கைக்குப் போய் அங்கேயே கிடந்தது. 1974-ல் காப்பகம் அதைக் கைப்பற்றியது. வழக்கில் சிக்கியதால் பிழைத்த படம். மற்றவை சுதந்திரமாக ஊர் சுற்றி அழிந்தன. பழைய பிலிமை உருக்கி வெள்ளி எடுத்தார்கள். 2003 ஜனவரியில் புனேயில் பிடித்த தீயில் நைட்ரேட் பிலிம்கள் ஏராளமாகக் கருகின.

ஊமைப் படம் போகட்டும், அது நூறு வருஷக் கதை. 1965-ல் ஜெயகாந்தன் தன் கதையைத் தானே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’, தேசிய விருது வாங்கிய படம், இன்று பிரதி கிடைப்பதில்லை. சின்ன வயதில் அதைப் பார்த்ததாகச் சொல்லும் பெரியவர் ஒருவர் எங்கள் அறைக்கு வருவார். “போடுங்க தம்பி, ஒருக்கா” என்பார் ஒவ்வொரு தடவையும். எங்கிருந்து போடுவது? 1988-ல் வந்த ‘வீடு’ படத்தின் நெகட்டிவ் இல்லாமல் போய்விட்டதை பாலு மகேந்திராவே தன் கடைசிக் காலத்தில் வேதனையோடு சொன்னார். 1988! எங்களில் பாதிப்பேர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம்.

பழைய படத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் ‘கர்ணன்’. 1964-ன் படத்தைச் சீராக்கி 2012-ல் மறுபடி வெளியிட்டபோது நூறு நாளைத் தாண்டி ஓடியது. ஷ்யாம் பெனகலின் ‘மந்தன்’ 1976-ல் குஜராத்தின் ஐந்து லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த படம். மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் அதைச் செப்பனிட்டு 2024-ல் கான் விழாவில் காட்டியது. மனசு இருந்தால் செய்யக்கூடிய வேலைதான். தமிழில் ஆண்டுக்கு இருநூறு படம் எடுக்கிற தொழிலுக்கு, பழையதைக் காப்பாற்ற ஒரு குளிர்சாதன அறை கட்டத் தோன்றவில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

வாராந்தரத் திரையிடல் இதற்கு என்ன செய்துவிடும்? கேட்கிற ஆட்களை உண்டாக்கும். கேட்க ஆளில்லாத படத்தை யாரும் காப்பாற்றுவதில்லை.

நீங்கள் ஆரம்பிப்பதானால்

முதலில் இடம். கல்யாண மண்டபம் வேண்டாம், முகூர்த்த நாளில் வெளியே அனுப்பிவிடுவார்கள். நூலகத்தைக் கேளுங்கள். சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது சென்னை மாகாணத்தில்தான், 1948-ல், சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதனின் உழைப்பு அது. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி நாம் கட்டுகிறோம். அந்தக் கட்டடத்தின் வெள்ளைச் சுவர் நம்முடையது.

அடுத்தது சத்தம். படம் கொஞ்சம் மங்கினாலும் ஜனம் பொறுத்துக்கொள்ளும். வசனம் புரியாவிட்டால் எழுந்து போய்விடும். பழைய தமிழ்ப் படங்களின் ஒலி ஏற்கெனவே கரகரக்கும். புரொஜெக்டருக்குள் இருக்கிற ஸ்பீக்கரை நம்பாதீர்கள், திரைக்குப் பக்கத்தில் இரண்டு நல்ல ஸ்பீக்கர் வையுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைக்க வேண்டும். எங்கள் ஊரில் அதைத் தைத்துக் கொடுத்தவர் தையற்கடைக்காரர் ஒருவர். கூலிக்குப் பதிலாக எம்.ஜி.ஆர். படம் ஒன்று கேட்டார், போட்டோம்.

வசன வரி பெரிய விஷயம். ஆங்கிலத்தில் ஓடினால் பாதிப்பேர் வாசிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். எங்கள் குழுவில் ஒரு தமிழாசிரியை வாரம் முழுக்க உட்கார்ந்து தமிழ் வசன வரி தயாரிக்கிறார். ஒரு வரி இரண்டு விநாடிதான் திரையில் நிற்கும், அதற்குள் கண் வாசித்து முடிக்க வேண்டும். அதனால் “நான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா” என்பதை “சொன்னேன்ல” என்று வெட்டுவார். தமிழ் எழுத்து அகலம் அதிகம், ஒரு வரிக்கு ஐந்து சொல் தாண்டினால் சிக்கல். ஒரு படத்துக்கு எண்ணூறு, ஆயிரம் வரி வரும். முடியாத வாரங்களில் சாப்ளின் போடுகிறோம். ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் அவர் திருகாணி முடுக்குவதைப் பார்த்து மில் தொழிலாளர்கள் சிரிப்பதற்கு எந்த வசன வரியும் தேவைப்படவில்லை.

உரிமை விஷயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்துக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அதற்கு உட்பட்ட படம் என்றால் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். இலவசத் திரையிடல், ஊர் நூலகம் என்று சொன்னால் சந்தோஷமாகச் சரி என்றவர்கள் எங்களுக்கு நிறையக் கிடைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் படங்களுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், மாக்ஸ் முல்லர் பவன் போன்ற இடங்களை அணுகலாம்.

நேரத்தில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். ஆறு மணிக்கு ஆரம்பித்தோம், பெண்கள் வரவில்லை. காரணம் கேட்கவே எங்களுக்கு நாலு மாதம் ஆனது. எட்டரை மணிக்குப் படம் முடிந்து எப்படி வீட்டுக்குப் போவது, போய் எப்போது சமைப்பது என்றார்கள். நாலரைக்கு மாற்றினோம். இப்போது பாதி நாற்காலி அவர்களுடையது. பேச்சும் அதன் பிறகுதான் வேறு மாதிரி ஆனது. ‘உதிரிப்பூக்கள்’ காட்டிய அன்று ஆண்கள் நாங்கள் கொடுமைக்காரக் கணவன் சுந்தரவடிவேலுவின் மரணத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். பெண்கள் அவன் மனைவி லட்சுமியைப் பேசினார்கள்.

படம் முடிந்ததும் மேடையேறிச் சொற்பொழிவு ஆற்றாதீர்கள். இது என் கெட்ட பழக்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இரண்டு நிமிடம் சங்கடமாக இருக்கும். யாராவது ஒருவர் எழுந்து, மூட்டையெல்லாம் யாருடையது என்று கேட்பார்.

அந்த விசைத்தறிக்காரர் இப்போதெல்லாம் நாலு மணிக்கே வந்துவிடுகிறார். ஜமுக்காளம் விரிப்பது அவர் வேலை. ஷிப்ட் மாறினால் ஆள் மாற்றிவிட்டு வருகிறார்.

உங்கள் ஊரிலும் ஒரு கிளை நூலகம் இருக்கும், ஒரு வெள்ளைச் சுவர் இருக்கும், பழைய படம் பார்க்க ஆசைப்படும் ஏழு பேர் இருப்பார்கள். மூடிக் கிடக்கும் கொட்டகை ஏதாவது இருந்தால் அதன் ஆபரேட்டர் அறையையும் ஒருமுறை திறந்து பாருங்கள்; படப் பெட்டி கிடந்தால் எடைக்குப் போட விடாதீர்கள், புனே காப்பகத்துக்கு எழுதுங்கள். பிறகு ஒரு நாளைக் குறியுங்கள். முதல் வாரம் அந்த ஏழு பேர்தான் வருவார்கள். இரண்டாம் வாரம் நாலு பேராகக் குறையலாம். மூன்றாம் வாரமும் அதே நாள், அதே நேரத்துக்குத் திரையைக் கட்டுங்கள்.